இங்கே ஃபோகல் யாரும் இல்லை

இது நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் நானும் இன்னும் இரண்டு பேரும் ஒரு கேலிப் பத்திரிகை நடத்துகிறோம். அதில் நான் எழுதுவதெல்லாம் பொய். எங்கள் முதல்வரின் டோப்பா தனக்குத் தனியாக ஓய்வூதியம் கேட்டு மனுப் போட்டதாகக்கூட எழுதியிருக்கிறேன். அதனால் என்னை நம்புவது உங்களுக்குச் சிரமம். எனக்கே சிரமம்தான். ஆனாலும் இது நடந்தது.

நள்ளிரவில் நடக்கவில்லை. மன்னிக்க வேண்டும். ஆந்தை அலறவில்லை, நாய் ஊளையிடவில்லை, கரண்ட் போகவில்லை. சாயங்காலம் ஐந்தரை மணி. அடுப்பில் காபி இருந்தது. டிவியில் ஒருவர் குளிர்கால டயர் விற்றுக்கொண்டிருந்தார்.

என் பெயர் ராய்ஸ் பேர்ட். பேர்ட் என்றால் பறவை. பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை. தேவைப்படவில்லை.

வட டகோட்டாவில், எங்கள் ஊர் தேவாலயத்துக்குப் பின்னால், எங்கள் ஆட்கள் ஒரே வரிசையில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். ஒரே வரிசை, ஆனால் ஒரே பெயர் இல்லை. முதல் கல்லில் பெயர் 'வி' எழுத்தில் தொடங்கும். ஜெர்மனியிலிருந்து வந்த பெயர் அது. அந்த மொழியில் அதற்கும் பறவை என்றுதான் அர்த்தம். அடுத்த கல்லில் அதே பெயர் 'எஃப்' எழுத்தில் தொடங்கும். அதற்கடுத்ததில் 'எஃப்' இருக்கும், கடைசி இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருக்கும். அதற்குப் பிறகு எல்லாமே பேர்ட். மூன்று கூடு மாறி ஒரு பறவை.

அப்பா இதைத்தான் இரண்டு வருடமாகத் துருவிக்கொண்டிருந்தார். அப்பாவின் பெயர் லாய்ட். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடி, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு செத்துப்போனவர்களைத் தேடுவார். "மெஷின் ரத்தத்தைச் சுத்தம் பண்ணுது, நான் வம்சத்தைச் சுத்தம் பண்றேன்" என்பார். அம்மா பல வருடங்களுக்கு முன்பே அரிசோனாவுக்குப் போய் வெயிலோடு குடித்தனம் நடத்துகிறார். அதனால் திங்கட்கிழமைகளில் அப்பாவை ஓட்டிக்கொண்டு போவது என் வேலை.

ஒருநாள் அந்த நாற்காலியிலிருந்தே கத்தினார்.

"டேய், இங்க பாரு! கப்பல்ல ஏறினது ஆறு பேரு. எங்க தாத்தா எவால்ட், அவர் பொண்டாட்டி, மூணு பசங்க, ஒரு கைக்குழந்தை. ரோஸீனான்னு பேரு. ஆனா நம்ம வீட்டுல வளர்ந்தது மூணு பசங்கதான். அந்தக் குழந்தை எங்கடா?"

"கப்பல்லயே மறந்து வச்சுட்டு எறங்கியிருப்பாங்க. குடை மாதிரி."

"நாயே. அவ எனக்கு அத்தைடா."

"கைக்குழந்தை எப்படிப்பா அத்தை?"

"எங்கப்பாவோட தங்கச்சின்னா எந்த வயசா இருந்தாலும் அத்தைதான்." குரல் இறங்கியது. "எங்கப்பா ஒருநாளும் அவ பேரைச் சொன்னதில்லடா. ஒரு கல்லறைகூட இல்ல. எனக்கு நேரம் கம்மி. போறதுக்குள்ள அவ எங்க இருக்கான்னு தெரிஞ்சுடணும். வேற எதுவும் வேணாம் எனக்கு."

நான் அடுத்த கிண்டலைத் தயாராக வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

பேர்ட் எப்படி வந்தது என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். 1918. ஜெர்மனியோடு சண்டை. ஜெர்மன் பெயர் உள்ள வீடுகளில் ஊர்க்காரர்கள் மஞ்சள் பெயிண்ட் ஊற்றினார்கள். பொழுது சாய்ந்ததும் கும்பலாக வந்து, கதவுக்கு வெளியே நின்று, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். சில சமயம் பெண் குரலில். சில சமயம் குழந்தைக் குரலில். உள்ளேயிருந்து யாராவது "ஆமாம்" என்று சொல்லிவிட்டால் வெளியே இழுத்துப் போட்டு அடி. அந்தக் கோடையில் எவால்டின் களஞ்சியச் சுவரில் மஞ்சள் வழிந்தது. அடுத்த வாரமே அவர் பெயரை பேர்ட் என்று மாற்றிக்கொண்டார். வீட்டில் இனி ஒருவரும் ஜெர்மன் பேசக்கூடாது என்றார்.

ஒருவரும் பேசவில்லை. நூறு வருடம் ஆகப்போகிறது. எங்களிடம் மிஞ்சிய ஒரே ஜெர்மன் சொல் கூகன். பாலாடையும் பழமும் வைத்துச் சுடும் கேக். வாயில் போட்டுக்கொள்கிற சொல் என்பதால் பிழைத்துவிட்டது.

எங்கள் பழைய பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. முதல் கல்லில் 'வி' இருக்கிறது, அதனால் 'வோகல்' என்றுதான் நானும் அப்பாவும் சொல்லிக்கொண்டிருந்தோம். 'எஃப்' போட்ட கல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

"இதைக் கொத்தினவன் நல்லா குடிச்சிருக்கான்ப்பா. முதல் எழுத்தே தப்பு."

"எழுதப் படிக்கத் தெரியாதவனா இருக்கும். பாவம் விடு" என்பார் அப்பா.

இனி அந்தத் திங்கட்கிழமை.

நவம்பர் மாதம். முந்தின நாள்தான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்திருந்தோம். அதனால் ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. மத்தியானத்திலிருந்து பனிக்காற்று. டயாலிசிஸ் முடித்து அப்பாவைக் கூட்டிவந்து சாய்வு நாற்காலியில் படுக்கவைத்தேன். கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். உடனே தூங்கிப்போனார். அந்த நாட்களில் அவர் அப்படித்தான் தூங்குவார், விளக்கை அணைத்ததுபோல.

எவால்ட் கட்டிய அதே வீடு. வாசலில் இரண்டு கதவு. வெளியே கண்ணாடிக் கதவு, உள்ளே மரக்கதவு. கண்ணாடிக் கதவின் கீல் துருப்பிடித்தது. யார் திறந்தாலும் பன்றியை மிதித்ததுபோல் கத்தும். வாசலில் ஒரு விளக்கும் உண்டு. ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானாக எரியும். முயல் ஓடினால்கூட எரிந்து மானத்தை வாங்கும்.

கீல் கத்தவில்லை. விளக்கு எரியவில்லை.

ஆனால் யாரோ கதவைத் தட்டினார்கள்.

டக்... டக்... டக்.

மரக்கதவில். கண்ணாடிக் கதவைத் திறக்காமல் மரக்கதவைத் தட்ட முடியாது.

காற்றில் ஏதாவது மோதியிருக்கும் என்று நினைத்தேன். டிவியின் சத்தத்தைக் குறைத்தேன்.

டக்... டக்... டக்.

சத்தம் கைப்பிடிக்குக் கீழேயிருந்து வந்தது. ரொம்பக் கீழே. என் இடுப்புக்கும் கீழே.

பக்கத்துப் பண்ணைப் பையன்கள் விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்துப் பண்ணை ஒரு மைலுக்கு அப்பால் இருக்கிறது. அங்கே பையன்கள் யாரும் இல்லை. இரண்டுமே எனக்குத் தெரியும். இருந்தாலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

அப்போது குரல் வந்தது.

சின்னக் குரல். கரகரத்த குரல். ஒரே ஒரு சொல். கேள்வியைப்போல் கடைசியில் மேலே தூக்கி...

"ஃபோகல்?"

கேட்டதும் எனக்குப் புரியவில்லை. ஏதோ சொல்கிறது, அவ்வளவுதான். "யாரு?" என்று கேட்க வாயைத் திறந்தேன்.

நான் கேட்பதற்குள் பதில் வந்துவிட்டது.

எனக்குப் பின்னாலிருந்து.

அப்பாவின் நாற்காலிப் பக்கமிருந்து.

கனமான குரல். பேசியது இங்கிலீஷ்தான், ஆனால் அது பழகாத நாக்கு. ஒவ்வொரு சொல்லையும் பயந்து பயந்து எடுத்து வைத்தது.

"இல்லை. இங்கே ஃபோகல்... யாரும் இல்லை. இங்கே பேர்ட். பேர்ட் மட்டும்."

திரும்பினேன்.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. உதடு அசையவில்லை. மார்பு ஏறி இறங்கியது. குறட்டைகூட இருந்தது.

வெளியே ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம்.

பிறகு பனியில் காலடி. கரக்... கரக்... சின்ன அடிகள். வாசலைவிட்டு விலகிப் போயின.

போய்விட்டது என்று நினைத்தேன்.

கரக்... கரக்... திரும்பி வந்தது.

டக்... டக்.

இந்த முறை இரண்டு தடவைதான். கை ஓய்ந்துபோனதுபோல்.

"ஃபோகல்?"

அந்த ஒரு சொல்லில் அழுகை இருந்தது. எப்படிச் சொல்வது... நிறைய வீடுகளில் கேட்டுக் கேட்டு, இதுதான் கடைசி வீடு என்று வந்து நிற்கிற குழந்தை கேட்பதுபோல் இருந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் பயத்தைவிட அந்தக் குரல் பெரிதாக இருந்தது. ஓடிப்போய் மரக்கதவைத் திறந்தேன்.

ஒருவரும் இல்லை. கண்ணாடிக் கதவு மூடித்தான் இருந்தது. கண்ணாடி முழுக்கப் பனி படிந்திருந்தது. கீழே மட்டும், என் இடுப்பு உயரத்தில், வட்டமாக ஓர் இடம் உருகித் தெளிந்திருந்தது. யாரோ வாயை வைத்து ஊதி உள்ளே பார்த்ததுபோல்.

அந்த வட்டம் உட்பக்கம் உருகியிருந்தது.

கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். கீல் கத்தியது. வாசல் விளக்கு எரிந்தது. எனக்காக. படியில் புதுப்பனி. ஒரு தடம் இல்லை. ஆனால் இருட்டில், வேலியோரம், கரக்... கரக்... போய்க்கொண்டே இருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஃபோகல்... வோகல்.

கத்தினேன். "வோகல்! வோகல் இங்கதான் இருக்கோம்! வோகல்!"

காலடி நிற்கவில்லை.

"வோகல்! ரோஸீனா! திரும்பி வா!"

காற்று. வேறொன்றுமில்லை.

"யாருடா அது?"

அப்பா எழுந்து வந்துவிட்டார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி என் பின்னால் நின்றார். வேலியோரம் கடைசியாக ஒரு தடவை அந்தக் குரல் வந்தது. வெகு தூரத்தில்.

"ஃபோகல்..."

அப்பா என் தோளைப் பிடித்தார்.

"டேய்... அவ ஃபோகல்ங்கறா. நீ வோகல்னு கத்தறியே. அவளுக்கு அது வேற யார் வீட்டுப் பேரோடா!"

என்னைத் தள்ளிவிட்டு வாசலுக்கு வந்தார். செருப்பு இல்லை. பனியில் வெறுங்கால். அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"ஃபோகல்! ஃபோகல் வீடு இதுதான்! ஃபோகல்!"

காலடி நின்றது.

நின்றதை நான் கேட்டேன். அப்படி ஓர் அமைதி.

கரக்.

திரும்பியது.

கரக்... கரக்... கரக்... வேகமாக. ஓடி வந்தது. வேலியைத் தாண்டியது. முற்றத்துக்கு வந்தது. அப்பா குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். அழுதுகொண்டிருந்தார்.

"வாம்மா... வா... ஃபோகல்தான்... வந்துடு..."

விளக்கு வெளிச்சத்தின் ஓரம்வரை வந்துவிட்டது.

இன்னும் நாலே அடி...

அப்போது வீட்டுக்குள்ளேயிருந்து...

எங்கள் இரண்டு பேருக்கும் பின்னாலிருந்து...

"இல்லை. இங்கே பேர்ட். பேர்ட் மட்டும்."

காலடி நின்றது.

அப்பா திரும்பி, காலி வீட்டைப் பார்த்துக் கத்தினார். "பேசாதே! வாயை மூடு! அவளை விடு!"

கரக்...

கரக்...

போய்விட்டது.

அப்பா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தூக்க எனக்குத் தெம்பில்லை. கதவும் திறந்தே கிடந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பனி வீட்டுக்குள் வந்து தரையில் படிந்துவிட்டது.

"எங்க தாத்தா குரல்டா அது" என்றார். "நாலு வயசுல கேட்டது. மறக்கல."

மறுநாள் காலை ஆர்லின் ஹாகன் பனி அள்ளும் வண்டியோடு வந்தார். ஒரு மைல் தள்ளியிருக்கும் பண்ணைக்காரர். நார்வேயிலிருந்து வந்த குடும்பம். அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஆள் களஞ்சியம் மாதிரி இருப்பார்.

"என்னய்யா லாய்டு, ராத்திரி முழுக்கக் கதவைத் தொறந்து போட்டு ஊருக்கே ஹீட்டர் போடறியாக்கும்? புண்ணியமாப் போச்சு. எங்க வீட்டுல குளிரே தெரியல."

அப்பா சிரிக்கவில்லை. நடந்ததை அப்படியே சொன்னார். ஆர்லின் கேலி செய்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன பேரு சொல்லுச்சுன்னே?"

"ஃபோகல்."

"திரும்பச் சொல்லு."

"ஃபோகல்யா. எங்க பழைய பேரு."

ஆர்லின் காபியைக் கீழே வைத்தார். "எங்க மேய்ச்சல் நெலத்து மூலையில ஒரு சிலுவை இருக்கு, தெரியுமா உனக்கு? சின்ன இரும்புச் சிலுவை. தாத்தா அடிச்சது. அதுல ஃபுக்ல்னு எழுதியிருக்கும். எங்க பாஷையில பறவைன்னு அர்த்தம். சின்னப் புள்ளை, பறவைன்னு ஏதோ உளறியிருக்கு, அதையே எழுதிட்டாருன்னு நாங்க நெனச்சுட்டிருந்தோம்."

"எந்தச் சின்னப் புள்ளை?"

"பேர் தெரியாத புள்ளைய்யா. பதினெட்டாம் வருஷம், ஊர் ஊரா காய்ச்சல்ல ஜனங்க செத்தப்போ. பெரியவங்க செத்த வீட்டுப் புள்ளைங்கள ரயில்ல ஏத்தி, சொந்தக்காரங்ககிட்ட அனுப்புவாங்களாம். இதை யாரோ வண்டியில கூட்டிவந்து முக்குல எறக்கிவிட்டுட்டுப் போயிட்டாங்க. பனிக்காத்து அடிச்ச அன்னைக்கு. தாத்தா வேலியோரமாப் பார்த்துத் தூக்கிட்டு வந்தாராம். விடியற வரைக்கும் உயிரோட இருந்துச்சாம். நீ யார் வீட்டுப் புள்ளைன்னு கேட்டா ஒரே சொல்லு. தாத்தா காதுல அது ஃபுக்ல்னு விழுந்திருக்கு."

அப்பா கையால் முகத்தை மூடிக்கொண்டார். "மின்னசோட்டாவுல ஒரு சித்தி இருந்தா. எவால்ட் பொண்டாட்டியோட தங்கச்சி. புள்ளை இல்லாதவ. அந்தக் காய்ச்சல்லதான் செத்தா. அவகிட்ட வளர விட்டிருக்காங்க..."

அந்தச் சித்தி சாகும்போது எவால்டின் பெயர் மாறி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. குழந்தைக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவள் தனக்குத் தெரிந்த ஒரே பெயரோடு வந்திருக்கிறாள். வீட்டைக் கண்டுபிடித்துக் கதவையும் தட்டியிருக்கிறாள். உள்ளேயிருந்த எவால்டுக்கு அது கும்பலின் குழந்தைக் குரல்.

"உங்க தாத்தா எங்க வீட்டுல வந்து கேட்கலையா?" என்றேன்.

ஆர்லின் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார்.

"கேட்டார் தம்பி. விடிஞ்சதும் மொத மொதல்ல இங்கதான் வந்தார். ஃபுக்ல்னு யாராவது தெரியுமா, ஒரு சின்னப் பொண்ணு செத்துப்போச்சுன்னு கேட்டார். தெரியாதுன்னுட்டாரு எவால்டு. ஆனா ஒண்ணு சொல்லுவார் எங்க தாத்தா. தெரியாதுன்னு சொன்ன மனுஷன் கதவை மூடலையாம். தாத்தா வண்டி ரோட்டுல ஏறி, கண்ணுக்கு மறையிற வரைக்கும் தொறந்த கதவுலயே நின்னுட்டு இருந்தாராம்."

அன்றைக்கே போனோம். மேய்ச்சல் நிலத்தில் முழங்கால் ஆழத்துக்குப் பனி. அப்பாவால் நடக்க முடியவில்லை. ஆர்லின் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டார்.

"நல்லா திம்பன்னு நெனச்சேன், காக்கா வெயிட்டுதான் இருக்கே. பேருக்கு ஏத்த ஆளுய்யா நீ."

"பேசாம நட மாடே" என்றார் அப்பா.

சிலுவை என் முழங்கால் உயரம்கூட இல்லை. அப்பா அதன் முன்னால் இறங்கி உட்கார்ந்தார். பனியைக் கையால் வழித்துவிட்டார். இரும்பில் நான்கு எழுத்து. நூறு வருடமாக எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற நிலம் அது.

அறுபத்தைந்து வயது மனிதர், குழந்தையின் சிலுவையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை" என்றார்.

நாங்கள் திரும்பி நின்றுகொண்டோம்.

தரை உறைந்திருந்தது. வசந்தம் வந்ததும் அவளை எங்கள் வரிசைக்குக் கொண்டுவருவது என்று முடிவானது. வீட்டுக்கு வரும் வழியில் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"எங்க இருக்கான்னு தெரிஞ்சுபோச்சுடா. ஆனா அவ அங்க இல்லையே. இன்னும் வெளியில அலைஞ்சிட்டிருக்காளே."

வியாழக்கிழமை அவருக்கு நிமோனியா. அந்த ராத்திரி வெறுங்காலோடு நின்றது. பக்கத்து நகரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆக்ஸிஜன் வைத்தார்கள். படுக்கையைவிட்டு இறங்கக்கூடாது என்றார்கள். இறங்கவும் அவரால் முடியாது. டம்ளரைத் தூக்கக்கூட நான்தான் உதவ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் எனக்குத் தேர்வு என்று அவரே என்னை விரட்டினார்.

"போடா. பொய் எழுதறதுக்கே அவ்வளவு படிக்கணும்னா போய்ப் படி."

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

திங்கட்கிழமை சாயங்காலம் போன் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவரை வெளியே கண்டெடுத்திருக்கிறார்கள். கார் நிறுத்துமிடத்துக்கு அப்பால், வயலில். பனியில் பக்கவாட்டில் படுத்திருந்தார் என்றார்கள். ஆக்ஸிஜன் குழாயை அவரே கழற்றியிருக்கிறார். கம்பளி அவர் மேல் இல்லை. பக்கத்தில் பனிமேல் போர்த்தியிருந்தது. அடியில் எதுவும் இல்லை. ஆனால் கம்பளி நடுவில் மேடாக உறைந்திருந்தது என்றார்கள்.

ஜோலீன் என்ற நர்ஸ்தான் அன்றைக்குப் பொறுப்பில் இருந்தவள். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவளாக இருப்பாள். அழுது கண் வீங்கியிருந்தது. அப்பாவின் கண்ணாடி, பல்செட், லேப்டாப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு என்னிடம் தந்தாள். பிறகு கேட்டாள்.

"உங்க வீட்டுல சின்னப் பொண்ணு யாராச்சும் இருக்காளா?"

"இல்லையே. ஏன்?"

"அஞ்சரை மணி இருக்கும். நான் மேஜையில இருந்தேன். ஒரு பொண்ணு வந்து நின்னா. ஆறு வயசு இருக்கும். இந்தக் குளிர்ல கோட்டுகூட இல்ல. நான் பேசினது அவளுக்குப் புரியல. ஒரே ஒரு பேரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னா. ஃபோகலோ என்னமோ. நான் நோயாளிங்க பேரெல்லாம் பார்த்தேன். அப்படி யாருமே இல்ல." அவள் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "நான்... நான் கோபமா சொல்லலீங்க. இங்க ஃபோகல் யாரும் இல்லம்மான்னு தன்மையாதான் சொன்னேன். கீழ வரவேற்புல இருக்கறவங்களைக் கூப்பிடலாம்னு போனை எடுத்தேன். அதுக்குள்ள உங்கப்பா ரூம்லருந்து சத்தம். அவரால பேசவே முடியாதே, அப்படிக் கத்தறார். அதே பேரை. நான் ஓடிப் போய்ப் பார்த்தா படுக்கை காலி. திரும்பினா அந்தப் பொண்ணும் இல்ல."

கேமரா பதிவைக் காட்டச் சொன்னேன். காட்டக்கூடாதாம். காட்டினாள்.

படத்தில் சத்தம் இல்லை. கறுப்பு வெள்ளை. கார் நிறுத்துமிடம். விளக்குகள். பனி சாய்வாகப் பெய்கிறது. கதவு தானாகத் திறக்கிறது. அப்பா வருகிறார்.

தனியாகத்தான் வருகிறார்.

டம்ளரைத் தூக்க முடியாதவர் நடந்து வருகிறார். ஒரு தோளில் கம்பளி. உடம்பு இடதுபக்கம் சாய்ந்திருக்கிறது. இடது கை கீழே தொங்குகிறது. உடம்பிலிருந்து சற்றுத் தள்ளி. விரல்கள் மூடியிருக்கின்றன, எதையோ பிடித்திருப்பதுபோல். அடிகள் குட்டை குட்டையாக விழுகின்றன. அப்பா நெட்டையான மனிதர். அப்படி நடக்கவே மாட்டார்.

கீழே குனிந்து ஏதோ பேசுகிறார். சிரிக்கிறார். நிஜமாகவே சிரிக்கிறார்...

வெளிச்சத்தின் ஓரத்துக்கு வந்ததும் நிற்கிறார். முன்னால் இருட்டு.

அப்போது அவருடைய இடது கை முன்னால் இழுபடுகிறது. வெடுக்கென்று. ஒரு தடவை. இன்னொரு தடவை. தூரத்தில் தன் வீட்டைப் பார்த்துவிட்ட குழந்தை, கூட வருகிறவரை இழுத்துக்கொண்டு ஓடுமே, அப்படி.

அப்பா ஓடுகிறார்.

படம் அதோடு முடிகிறது. நான் அந்த இடத்துக்குப் போய், அவர் நின்ற இடத்தில் நின்று, அவர் பார்த்த பக்கம் பார்த்தேன்.

அங்கே வீடு எதுவும் இல்லை.